கொஹெய்ஜியின் கொசுவலையை மரத்தில் வெட்டிய பதிவு

கொசுவலையின் மேல்விளிம்பை எலும்பு விரல்களால் இழுத்துத் தாழ்த்திக்கொண்டு, உள்ளே உறங்குபவர்களை எட்டிப் பார்க்கும் கொஹாதா கொஹெய்ஜியின் ஆவியை ஜப்பானிய ஓவியர் கத்சுஷிகா ஹொகுசாய் 1831-32ஆம் ஆண்டுவாக்கில் வரைந்தார். எடோ (இன்றைய தோக்கியோ) நகரத்துப் பதிப்பாளர் த்சுருயா கிஎமோன் ‘நூறு கதைகள்’ என்ற பெயரில் வெளியிட்ட வரிசையைச் சேர்ந்தது அது. அந்த வரிசையில் இன்று அறியப்பட்டவை ஐந்து படங்கள் மட்டுமே. சூபான் எனப்படும் நடுத்தர அளவு, அதாவது ஏறத்தாழ 26 செ.மீ. உயரமும் 19 செ.மீ. அகலமும் கொண்ட அந்தச் சிறிய தாளை முதல் கோட்டிலிருந்து கடைசி வண்ணம் வரை மரத்தில் மீண்டும் வெட்டி அச்சிட்டுப் பார்க்க வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன். படத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பதால் மட்டும் விளங்காத ஒரு கேள்வி எனக்கு இருந்தது: இந்தப் படத்தில் அச்சம் எந்த இடத்தில் உண்டாகிறது, அந்த இடம் யாருடைய கையால் ஆனது?

கொஹெய்ஜி, கபுகி என்னும் ஜப்பானிய மரபு நாடக மேடையோடு பிரிக்க முடியாதவன். கதைப்படி அவன் ஒரு நடிகன். வேறு வேடங்களில் எடுபடாமல், பேய் வேடத்தில் மட்டும் பெயர் வாங்கியவன். அவனுடைய மனைவியின் கள்ளக்காதலன் அவனை அசாகா சதுப்புநிலத்து நீரில் மூழ்கடித்துக் கொன்றுவிட, வாழ்நாளெல்லாம் நடித்துக் காட்டிய உருவமாகவே அவன் வீடு திரும்புகிறான். சாந்தோ கியோதென் 1803இல் இதைக் கதையாக எழுதினார். நான்காம் த்சுருயா நம்போகு 1808இல் இதை நாடகமாக்கி எடோவின் இச்சிமுரா அரங்கில் மேடையேற்றியபோது முதலாம் ஒனோயே மத்சுசுகே ஆவியாகத் தோன்றினார். அதே மத்சுசுகேயின் வளர்ப்பு மகனான மூன்றாம் ஒனோயே கிகுகோரோதான் 1825இல் நம்போகுவின் ‘யோத்சுயா கைதான்’ நாடகத்தில் கணவனால் வஞ்சிக்கப்பட்ட ஒய்வாவாக நடித்தவர். ஹொகுசாயின் ஐந்து படங்களில் இன்னொன்று அந்த ஒய்வாவின் முகமாகவே மாறிவிட்ட காகித விளக்கு. பேய் நாடகங்கள் கோடைக்காலத்துக்கு உரியவை. புழுங்கும் இரவில் முதுகுத்தண்டு சில்லிட வேண்டும் என்பது பார்வையாளர்களின் எதிர்பார்ப்பு. கோடை என்றால் கொசு, கொசு என்றால் வலை. மேடைக்கும் வீட்டுக்கும் பொதுவான அந்த ஒரு பொருளைப் பிடித்துக்கொண்டுதான் ஹொகுசாய் படத்தை அமைத்திருக்கிறார்.

கள்ளக்காதலர் இருவரும் படத்தில் இல்லை. வலையின் விளிம்பைப் பற்றியிருக்கும் விரல்கள் நம் பக்கமாக வளைந்திருக்கின்றன. தலை வலைக்கு அப்பால் இருக்கிறது. அப்படியானால் வலைக்கு உள்ளே படுத்திருப்பது யார்? படத்தைக் கையில் பிடித்திருப்பவர்தான். கொலையாளிகள் படுத்திருக்க வேண்டிய இடத்தில் நம்மைப் படுக்க வைத்துவிட்டு, அவன் பார்வையைக் கீழே இறக்குகிறார் ஹொகுசாய். இதைப் புரிந்துகொண்ட பிறகு வலையை வெறும் பின்னணி வேலைப்பாடாக எண்ண என்னால் முடியவில்லை. பலகை வேலையைத் திட்டமிட்டபோது முகத்துக்கு ஒதுக்கிய கவனத்தில் குறையாத அளவை வலைக்கும் ஒதுக்கினேன்.

மூலத்துக்கு, பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகமும் பிரிட்டிஷ் மியூசியமும் பொதுப் பார்வைக்கு வைத்துள்ள உயர்தெளிவுப் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரே பலகைகளிலிருந்து வந்த படிகளாக இருந்தாலும் வண்ணமும் சாயலும் படிக்குப் படி மாறும். அச்சிட்டவரின் கை, தாளின் பதம், பிறகு படிந்த வெயிலும் தூசியும் எல்லாம் அதில் சேர்ந்திருக்கும். ஆகவே ஏதோ ஒரு படியின் இன்றைய நிறத்தை அப்படியே பிடிக்க முயலாமல், கோடுகளை இயன்றவரை மூலத்துக்கு நெருக்கமாகவும், வண்ணங்களை அக்காலத்து வழக்கத்துக்குள் என் தீர்மானப்படியும் அமைப்பது என்று முடிவு செய்தேன். கணினியில் கறுப்பு வெள்ளையாக்கி அச்செடுத்தால் நுண்கோடுகள் தடித்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. அதனால் ‘கம்பி’ என்னும் ஜப்பானியச் செடியின் பட்டை நாரால் ஆன மெல்லிய தாளில் தூரிகையால் கோடுகளைக் கையாலேயே படியெடுத்தேன். ஓவியர் வரைந்து செதுக்குபவரிடம் கொடுக்கும் இத்தகைய தாளுக்கு ஹன்ஷிதா என்று பெயர். பலகையில் ஒட்டிச் செதுக்கும்போதே அது அழிந்துவிடும் என்பதால்தான் ஹொகுசாய் போன்றோரின் அச்சேறிய படங்களுக்கு மூல வரைபடம் பெரும்பாலும் எஞ்சுவதில்லை.

மரம் யமசகுரா, மலைச் செர்ரி. எடோ காலத்திலிருந்து இதற்கு ஈடாக எதுவும் வரவில்லை. இழை நெருக்கமாகவும் சீராகவும் இருப்பதால் மயிரிழைக் கோட்டையும் தாங்கும். ஈரமும் தேய்ப்பும் திரும்பத் திரும்பப் பட்டாலும் முனை மழுங்காது. ஐரோப்பாவின் நுண்மரச்செதுக்கு (wood engraving) முறையில் மரத்தைக் குறுக்காக அறுத்த முகத்தில் வெட்டுவார்கள். இங்கே நெடுக்காக அறுத்த பலகையின் பரப்பில் வெட்டுகிறோம் என்பதால் இழை எந்தப் பக்கம் ஓடுகிறது என்பது ஒவ்வொரு கோட்டிலும் குறுக்கிடும். நல்ல யமசகுரா இன்று அரிதாகவும் விலை கூடுதலாகவும் இருக்கிறது. ஆகவே கோட்டுப் பலகைக்கும் வலைப் பலகைகளுக்கும் மட்டும் திடமான செர்ரியை வாங்கினேன். பரந்த வண்ணப் பரப்புகளுக்கு ஷினா ஒட்டுப்பலகையே போதுமானதாக இருந்தது. வைரம் பாய்ந்து, நன்கு உலர்ந்து, நாட்பட்ட பலகையாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்து, பரப்பை இழைப்புளியால் இழைத்தேன். உப்புத்தாள் போடவில்லை. அது மரத்துகளை இழைகளுக்குள் திணித்துவிடும். அந்தப் பரப்பில் கத்தி போகும்போது கோட்டின் ஓரம் பிசிறடிக்கும்.

ஒட்டும் வேலை சில நிமிடங்களே எடுக்கும், ஆனால் பிறகு வரும் எல்லாமே அதைப் பொறுத்தது. மாவுப் பசையை உள்ளங்கையால் பலகை முழுவதும் மெலிதாகத் தடவி, ஹன்ஷிதாவை முகம் கீழாக வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவிவிட வேண்டும். பசை பாதி உலர்ந்ததும் தாளின் முதுகை விரல் நுனியால் தேய்த்து, மேலடுக்கு நாரை மட்டும் உருட்டி எடுக்கிறோம். மிக மெல்லிய படலம் ஒன்று மரத்தோடு தங்க, கோடுகள் இடவலம் மாறித் தெளிவாகத் தெரியும். அதன்மேல் ஒரு சொட்டுக் காமெலியா எண்ணெய் தடவினால் அந்தப் படலமும் ஒளி ஊடுருவும்படி ஆகிவிடும். மை மரத்துக்குள்ளேயே இருப்பது போலத் தோன்றும்.

கத்தியை முஷ்டியில் பிடித்து நம்மை நோக்கி இழுப்பதே ஜப்பானிய முறை. இடக்கை நடுவிரல் அலகின் பின்னால் நின்று வழிகாட்டும். கோட்டை நேரடியாக வெட்டுவதில்லை. கோட்டின் ஒரு பக்கம் வெளிப்புறமாகச் சாய்த்து ஒரு வெட்டு, மறுபக்கம் அதேபோல ஒரு வெட்டு. அப்போதுதான் நிற்கும் வரம்பு உச்சியில் குறுகியும் அடியில் அகன்றும் இருக்கும். செங்குத்தாக வெட்டிய கோடு முதல் சில படிகளிலேயே உடைந்து போகும். எடோவின் பட்டறைகளில் இந்த வேலையிலும் படிநிலை இருந்தது: ஆடையையும் பின்னணியையும் பழகுநர்கள் வெட்டுவார்கள், முகமும் தலைமுடியும் மூத்த செதுக்குநருக்கு உரியவை.

கொஹெய்ஜியின் முகத்தில் தோல் முழுதாக இல்லை. மண்டையோட்டின் வடிவமும், எஞ்சிய சதையும், வெறித்த கண்களும், பல் வரிசையும் ஒன்றோடொன்று மோதுகின்றன. இந்தக் கோடுகளில் ஓவியர் நமக்கு விட்டுவைக்கும் சுதந்திரம் மிகக் குறைவு. தாடையின் வளைவு எங்கே தடித்து எங்கே மெலிகிறது என்பதில் அவருடைய தூரிகை தெரிகிறது. செதுக்குபவர் அதற்குக் கீழ்ப்படிய வேண்டும், அவ்வளவுதான். கண்ணின் மேலிமைக் கோட்டை வெட்டும்போது, கோடு முடியும் இடத்தில் கத்தியைத் தூக்கும் வேகம்கூடப் பார்வையின் திசையை மாற்றிவிடுவதைக் கண்டேன். மெதுவாகத் தூக்கினால் முனை மழுங்கி, அவன் சோர்ந்து பார்ப்பவனாக ஆகிவிடுகிறான். விரைந்து தூக்கினால் முனை கூர்ந்து, பார்வை கீழே இறங்கி நம்மேல் நிலைக்கிறது.

முடியில் நிலைமை வேறு. பெண்களின் அலங்காரக் கொண்டைகளிலும் சரி, ஆவிகளின் விரிசடையிலும் சரி, ஓவியர்கள் பெரும்பாலும் வெளிவரம்பை மட்டும் குறித்துவிட்டு, நெற்றியோரத்தில் ஒவ்வொரு மயிரையும் பிரிக்கும் பொறுப்பைச் செதுக்குநரிடம் விட்டுவிடுவார்கள். கெவரி எனப்படும் இந்த மயிர் வெட்டு வேலையில்தான் செதுக்குநர்களின் பெயர் நின்றது. கொஹெய்ஜிக்கு முடி அடர்த்தியாக இல்லை; மண்டையோட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும் சில கற்றைகள்தாம். எண்ணிக்கை குறைவு என்பதாலேயே ஒவ்வொன்றும் தனியாகத் தெரியும், எதையும் கூட்டத்தில் ஒளிக்க முடியாது. ஒரு மயிருக்கு இரண்டு வெட்டு. வேரிலிருந்து நுனிக்குப் போகப்போக அந்த இரண்டு வெட்டும் ஒன்றையொன்று நெருங்கி, நுனியில் சந்திக்காமல் சந்திக்க வேண்டும். உண்மையிலேயே சந்தித்துவிட்டால் நுனி பறந்துவிடும். விலகி நின்றால் மயிர் கம்பியாகிவிடும். நெற்றியோரத்தில் ஒரு மில்லிமீட்டர் அகலத்துக்குள் இரண்டு மயிர் நிற்குமாறு வெட்டினேன். கெவரியில் தேர்ந்த பழைய கைகள் இதைவிட நெருக்கமாக வெட்டியிருக்கிறார்கள். சில மயிர்கள் இழையோட்டத்தோடு போகின்றன, சில குறுக்கே. குறுக்கே போவதை வெட்டும்போது கத்தி ஒவ்வொரு இழையையும் தனித்தனியாக அறுக்கும் அதிர்வு விரலில் தெரியும். அந்த இடங்களில் பலகையை மேசைமேல் சுழற்றி, கத்தி எப்போதும் இழையைச் சாய்வாகவே சந்திக்கும்படி வைத்துக்கொண்டேன். கத்தியைத் தீட்டும் கல் என் வலப்பக்கத்திலேயே இருந்தது. கூர் குறைந்ததாக ஐயம் தோன்றிய மறுகணமே தீட்டிவிட வேண்டும் என்பதைத் தவிர இந்த வேலைக்கு வேறு பெரிய இரகசியம் கிடையாது.

வலை இந்தப் பதிவின் மையம் என்பதால் அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். குறுக்கும் நெடுக்குமான கட்டத்தை ஒரே பலகையில் வெட்ட முயன்றால், ஒவ்வொரு கண்ணையும் நான்கு பக்கமும் வெட்டி, உள்ளிருக்கும் சதுரத்தைத் தோண்டி எடுக்க வேண்டும். அப்படி ஆயிரக்கணக்கான சதுரங்கள் வரும். கோடுகள் சந்திக்கும் இடங்களில் மரம் பெயர்ந்துகொள்ளும். அச்சிடும்போது அந்தச் சந்திப்புகளில் மை தேங்கிக் கறுப்புப் புள்ளிகளாகத் தெரியும். எடோவின் செதுக்குநர்கள் வலைக்குக் கண்டுபிடித்த வழி எளிமையும் நுட்பமும் ஒருங்கே கொண்டது: நெடுங்கோடுகளை ஒரு பலகையிலும் கிடைக்கோடுகளை இன்னொரு பலகையிலும் வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிடுவது. அப்போது வலை பலகையில் நெய்யப்படுவதில்லை, தாளில் நெய்யப்படுகிறது. நூல் மேல் நூல் கிடப்பது போல ஒரு நிறம் மற்றொன்றின் மேல் கிடப்பதால், உண்மையான துணியின் மெல்லிய புடைப்பும் கிடைக்கிறது.

இதில் நான் எடுத்த ஒரு முடிவு இழையோட்டத்தைப் பற்றியது. இரண்டு பலகைகளையும் ஒரே திசையில் வைத்தால், ஒன்றில் கோடுகள் இழையோடு ஓடும், மற்றொன்றில் இழைக்குக் குறுக்கே ஓடிப் பலவீனமாகும். ஆகவே கிடைக்கோட்டுப் பலகைக்கு மரத்தை 90 பாகை திருப்பி அறுத்து வாங்கினேன். இரண்டிலும் கோடு இழையோடு ஓடுவதால் வெட்டு சுத்தமாக வந்தது; நீண்ட கோட்டையும் கத்தியை எடுக்காமல் ஒரே இழுப்பில் முடிக்க முடிந்தது. இதற்கு ஒரு விலை உண்டு. ஈரம் பட்டால் திட மரம் இழைக்குக் குறுக்கான திசையில் அதிகமாகவும், இழை நெடுகிலும் மிகக் குறைவாகவும் விரியும். இரண்டு பலகைகளும் இப்போது வெவ்வேறு திசையில் விரிகின்றன. வலையின் நடுப்பகுதியில் இது பொருட்டல்ல, கண்கள் சிறிது அகன்றோ குறுகியோ போவது துணிக்கு இயல்பே. ஆனால் வலை வந்து சேரும் துணிக்கரையோரம், அதாவது எலும்பு விரல்கள் பற்றியிருக்கும் இடம், மயிரிழை பிசகினாலும் பிடி நழுவியது போலத் தெரியும். அதனால் பதிவுக் குறிகள் இரண்டையும் அந்த விரல்களுக்கு அருகிலுள்ள பக்கமாகவே அமைத்தேன். குறிக்கு அருகில் விரிவின் பாதிப்பு குறைவு. தொலைவில்தான் அது கூடிக்கொண்டே போகும்.

பதிவுக் குறிகளைக் கென்தோ என்பார்கள். பலகையின் ஒரு மூலையில் செங்கோண வெட்டு ஒன்று, அதே ஓரத்தில் சற்றுத் தள்ளி நேர்க்கோட்டு வெட்டு ஒன்று. தாளின் மூலையை முதலாவதிலும் விளிம்பை இரண்டாவதிலும் பொருத்தி இறக்கினால் எத்தனை வண்ணமானாலும் ஒரே இடத்தில் விழும். கோட்டுப் பலகையை வெட்டி முடித்ததும், கென்தோவோடு சேர்த்து மெல்லிய தாளில் வேண்டிய படிகள் எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு வண்ணத்துக்குரிய பரப்பைச் செந்நிறத்தில் குறித்து, அந்தப் படிகளையே அடுத்தடுத்த பலகைகளில் முகம் கீழாக ஒட்டி வெட்டினேன். வண்ணப் பலகைகள் கோட்டுப் பலகையின் குழந்தைகளாக இப்படிப் பிறப்பதால்தான் எல்லாம் பொருந்துகின்றன. என்னுடைய பிரிப்பு இப்படி அமைந்தது: கோடு, தோலின் வெளிர்நிறம், தீச்சுவாலை, இரவின் கருமை, வலையின் இரு பலகைகள், வலைக்கரை. கழுத்தில் தொங்கும் செபமாலை மணிகளுக்குத் தனிப் பலகை வெட்டாமல், கரைப் பலகையின் காலியான மூலையில் சேர்த்துவிட்டேன். மரத்தை வீணாக்காமல் பயன்படுத்தும் இந்த வழக்கம் பழைய பட்டறைகளிலும் இருந்தது. பலகையின் இரு முகங்களையும் அவர்கள் வெட்டிப் பயன்படுத்தினார்கள்.

தாள் எச்சிசென் ஊரின் ஹோஷோ. கோசோ மரப்பட்டை நாரால் ஆனது. நீண்ட நார் என்பதால் ஈரத்தோடு எத்தனை முறை தேய்த்தாலும் கிழியாது. ஆனால் அது பஞ்சு போல மையை உறிஞ்சும் தாள். அதைக் கட்டுப்படுத்த விலங்குப் பசையும் படிகாரமும் கலந்த தோசா என்னும் நீரைப் பூசி உலர்த்துகிறார்கள். தோசா குறைந்தால் கொஹெய்ஜியின் மயிர்கள் எல்லாம் கசிந்து தாடியாகிவிடும். கூடினால் மை தாளுக்குள் இறங்காமல் மேலேயே நின்று பளபளக்கும். அச்சிடுவதற்கு முதல்நாள் தாள்களை ஒன்றுவிட்டு ஒன்றாக நீர்த் தூரிகையால் நனைத்து, அடுக்கி, பலகையால் அழுத்தி வைத்தால் இரவு முழுவதும் ஈரம் சமமாகப் பரவித் தாள் பதத்துக்கு வரும். கன்னத்தில் வைத்தால் குளிர்ச்சி தெரிய வேண்டும், ஈரம் ஒட்டக் கூடாது. நான் அச்சிட்டது தோக்கியோவின் ஜூன் மாத மழைக்காலத்தில். அந்தப் புழுக்கத்தில் நனைந்த தாள் விரைவிலேயே பூஞ்சை பிடித்துவிடும் என்பதால், ஒரு நாள் வேலை முடிந்ததும் அடுக்கை நெகிழித் தாளில் சுற்றிக் குளிர்பெட்டியின் உறைநிலை அறையில் வைத்துவிட்டேன். இன்றைய அச்சுக் கலைஞர்கள் பலரும் கைக்கொள்ளும் வழி இது. எடோவின் அச்சுப் பட்டறைகள் எடுத்த வேலையை முடிக்கும்வரை இடைவிடாமல் அச்சிட்டதற்கும் இதே ஈரம் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

முதலில் கோடு. சுமி மையைப் பலகையில் சொட்டுச் சொட்டாக இட்டு, ஒரு விரல்நுனி மாவுப் பசை சேர்த்து, குதிரைமயிர்த் தூரிகையால் வட்டமாகப் பரப்பி, கடைசியில் இழையோட்டத்தின் திசையில் ஒருமுறை நீவ வேண்டும். தூரிகையின் முனைகள் சுறாத்தோலில் தேய்த்துப் பிளவுபடுத்தியவை. பிளவுபட்ட முனைதான் மையைக் கோட்டின் உச்சியில் மட்டும் விட்டு, பள்ளங்களில் தேங்கவிடாமல் காக்கும். தாளை இறக்கி, மூங்கில் மடலால் மூடிய பரென் என்னும் தட்டையான தேய்ப்பானால் பின்புறம் தேய்க்கிறோம். முடி உள்ள இடத்தில் பரெனை உடல் எடையோடு அழுத்தாமல் மணிக்கட்டு எடையோடு மட்டும் ஓட்டினேன். பரெனின் மேல் மடலில் காமெலியா எண்ணெய் படிந்த ஒரு துணியை அவ்வப்போது தடவிக்கொண்டால் அது தாளில் சிக்காமல் வழுக்கி ஓடும்.

தோலுக்கு இரும்புச்சிவப்பான பெங்காராவை நீரில் மிகவும் கரைத்து ஒரு நீர்த்த சாயை. கண்ணின் வெண்மைக்கு எந்த நிறமும் இல்லை. அது தாளின் வெண்மையேதான். முகத்தில் மை படாத அந்த இடங்கள் மிகச் சிறியவை, ஆனால் படத்தில் முதலில் கண்ணில் படுபவை அவைதாம்.

தீச்சுவாலையில் அச்சிடுபவரின் நேரம் தொடங்குகிறது. ஆவியோடு வரும் அந்த நெருப்புக்குப் பலகையில் எந்தச் சாயலும் வெட்டப்படவில்லை, வெறும் தட்டையான பரப்புதான் இருக்கிறது. அடர்த்தியிலிருந்து ஒன்றுமில்லாமைக்கு நிறம் கரைந்து போவது முழுவதும் பலகையின் மேல் தூரிகை செய்யும் வேலை, பொகாஷி. பரப்பை ஈரத்துணியால் ஒற்றி, சிவப்பை ஓரத்தில் மட்டும் வைத்து, தூரிகையின் ஒரு பக்கத்தில் நிறமும் மறுபக்கத்தில் வெறும் நீரும் இருக்கும்படி பிடித்து, முன்னும் பின்னுமாக நீவும்போது இடையில் ஒரு மங்கல் பிறக்கிறது. ஒவ்வொரு படிக்கும் இதைப் புதிதாகச் செய்தாக வேண்டும் என்பதால் எந்த இரண்டு படியும் ஒன்றாக இருப்பதில்லை. சுவாலையின் அடியில் அடர்ந்து நுனியில் கரையும் படியும், அதற்கு நேர்மாறாக வெளிவிளிம்பில் அடர்ந்து உள்ளே கரையும் படியும் எடுத்துப் பார்த்தேன். இரண்டாவதில் நெருப்பு அவனைச் சூழ்ந்து எரிவது போல இருந்தது. முதலாவதில் அவனிடமிருந்தே எரிவது போல இருந்தது, அதையே வைத்துக்கொண்டேன். ஓவியரின் பெயர் மட்டும் தாங்கிய ஒரு தாளில், பேயின் நெருப்பு உள்ளிருந்து வருகிறதா வெளியிலிருந்து வருகிறதா என்பதை ஒரு தூரிகை நீவல் தீர்மானிக்கிறது.

இரவுக்குச் சுமியோடு, 1830வாக்கில் எடோவின் அச்சுகளில் பரவத் தொடங்கியிருந்த பிரஷ்ய நீலத்தைச் சிறிது சேர்த்தேன். பரந்த கருமையில் பரென் போதிய அழுத்தம் தராவிட்டால் எள்ளுத் தூவியது போல வெள்ளைப் புள்ளிகள் எழும். சில படங்களுக்கு அதை வேண்டுமென்றே வரவழைப்பார்கள். கொஹெய்ஜிக்குப் பின்னால் எந்த இடமும் இருக்கக் கூடாது என்று நினைத்தேன், ஆகவே தடித்த நார்முறுக்குக் கொண்ட பரெனால், பசையைச் சற்றுக் கூட்டி, இருமுறை அச்சிட்டேன். முதல் அடுக்கு ஈரம் இறங்கும்வரை பொறுத்து இரண்டாவதை இட்டபோதுதான் கருமைக்கு ஆழம் வந்தது. சுவாலையின் கரைந்த நுனிகள் அந்தக் கருமையைச் சந்திக்கும் இடத்தில் நிறத்தின் எல்லை எங்கே என்று கண்ணால் பிரிக்க முடியாமல் போனது எனக்கு மிகுந்த நிறைவைத் தந்தது.

வலை கடைசியில். ஜப்பானின் பழைய ஓமி மாகாணத்துக் கொசுவலைகள் இளம்பச்சை நூலும் சிவப்புக் கரையுமாகப் புகழ்பெற்றவை. அந்த மரபைப் பின்பற்றி நீலமும் மஞ்சளும் கலந்து மங்கலான ஒரு பச்சையை எடுத்துக்கொண்டேன். நெடுங்கோடுகளை அச்சிட்டதும் படம் கம்பிகளுக்குப் பின்னால் இருப்பது போல, சிறைக்கதவு போலத் தோன்றியது. கிடைக்கோடுகள் விழுந்த கணத்தில் கம்பிகள் துணியாயின. வலைக்குப் பின்னால் உள்ளவை ஓரடி பின்வாங்கின, விளிம்புக்கு மேலே வலை மறைக்காத தலையும் விரல்களும் முன்னே வந்தன. ஓவியத்தை எத்தனையோ முறை பார்த்திருந்தும், முகத்தின் அந்த நெருக்கம் வலையின் மங்கலால் உண்டாக்கப்படுவது என்பது அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. பச்சை சற்று அடர்ந்துவிட்ட படிகளில் வலை ஒரு சுவராகி, அவன் அப்பால் நிற்பவனாகிவிடுகிறான்; மிக வெளிறிய படிகளில் தடையே இல்லாமல் போய், எட்டிப் பார்ப்பதற்குப் பொருளில்லாமல் போகிறது. நடுவில் ஒரு பதம் இருக்கிறது. இருக்கிறதா இல்லையா என்று ஐயம் தரும் ஒரு துணி மட்டும் நமக்கும் அவனுக்கும் இடையில் தொங்குகிறது. அந்தப் பதத்தைப் பிடித்தவுடன் கலவையை ஒரு மூடிய கிண்ணத்தில் காத்து, மீதமுள்ள தாள்கள் முழுவதையும் அதே அமர்வில் அச்சிட்டு முடித்தேன்.

கரையின் சிவப்பை இறுதியாகச் சேர்த்தபோது விரல் எலும்புகளோடு பொருத்தம் சரியாக நின்றது. மழை வலுத்த நாள்களில் மட்டும் கிடைக்கோட்டுப் பலகை விரிந்து, வலை கரையைத் தாண்டி எட்டிப் பார்த்தது. அப்போது அதன் நேர்க்கோட்டுக் கென்தோவில் தாள் தடிமனுக்கு ஒரு மெல்லிய செர்ரிச் சீவலை ஒட்டித் தாளைச் சற்றுப் பின்தள்ளினேன். பலகை உலர்ந்ததும் சீவலை எடுத்துவிட்டால் போதும்.

முடிந்த படிகளை உலர்ந்த அட்டைகளுக்கு இடையில் அடுக்கி, அட்டைகளை மாற்றி மாற்றி, மெதுவாக உலரவிட்டேன். விரைவாக உலர்த்தினால் இருமுறை அச்சான கருமையும் ஒருமுறை அச்சான வலையும் வெவ்வேறு அளவில் சுருங்கித் தாள் நெளிந்துவிடும். பலகைகளைக் கழுவாமல், ஈரத்துணியால் துடைத்து, பக்கவாட்டில் நிறுத்தி, நிழலில் வைத்திருக்கிறேன். கோட்டுப் பலகையைக் கண்ணாடி வைத்துப் பார்த்தபோது நெற்றியோர மயிர்கள் எல்லாம் நிற்கின்றன. அடுத்து இதே வரிசையின் சராயாஷிகியை எடுக்கலாம் என்றிருக்கிறேன். கிணற்றிலிருந்து எழும் ஒகிகுவின் கழுத்து தட்டுகளின் அடுக்காகவும், அவளுடைய மூச்சு ஒரு புகைக்கீற்றாகவும் வரும் படம் அது. அந்தப் புகையை எந்த அளவு பலகையில் வெட்டுவது, எந்த அளவு தூரிகையில் விடுவது என்று பார்க்க, எஞ்சிய ஷினாத் துண்டுகளில் சோதனை வெட்டுகளைத் தொடங்கியிருக்கிறேன்.